ஐம்பத்தேழாவது பல்

கஜபதிக்கு அப்போது வயது முப்பத்தாறு. திருத்தணி ரயிலடிக்குப் போகும் தெருவில், ஏழு வாடகை சைக்கிள்களையும் ஒரு காற்றுப் பம்பையும் வைத்துக் கடை நடத்திவந்தார். கழன்ற சங்கிலியைக் கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிடுவார். கணக்கென்றால் மட்டும் விரலை மடக்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவர். மகள் பங்காருவும் அதே மூன்றாம் வகுப்பில் நின்றுவிடுவாளோ என்பதுதான் 1946 ஜூலையில் அவரைத் தின்ற கவலை.

அந்த மாதம் மூன்றாம் தேதி, புதன்கிழமை, எட்டாம் வாய்ப்பாடு சொல்லும்போது பங்காரு பாதியில் தடுமாறினாள். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் சிலேட்டைத் தொடவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை. தாய் ஜெயம்மா கெஞ்சினாள், அதட்டினாள், ஒரு நாள் வாசல்வரை இழுத்தும் பார்த்தாள். இருபதாம் தேதி, சனிக்கிழமை, கமலா டீச்சரே கடைக்கு வந்துவிட்டார்.

“முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வரலேன்னா பேரை அடிச்சுடணுங்க. அப்புறம் அடுத்த வருஷந்தான்.”

டீச்சர் போன பிறகு கஜபதி, தலைகீழாக நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளின் பெடலை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தார். பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரம், சங்கிலி வழியாகப் பின்னாலிருந்த சின்னதைச் சுழற்றியது. பங்காரு எட்டிப் பார்த்தாள்.

“நைனா, பெருசு ஒரு சுத்து வரதுக்குள்ள சின்னது ஏன் அத்தினி வாட்டி ஓடுது?”

பதினேழு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி! கஜபதி பெடலை இன்னும் மெதுவாகச் சுற்றிக் காட்டினார்.

மறுநாள் காலையிலேயே பக்கத்து இரும்புக் கடை அப்துல் ஷுக்கூரிடம் பெட்டிப் பலகை வாங்கி, வாளால் அறுத்து, அரத்தால் ராவினார். எட்டுப் பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று. பதினாறு, இருபத்துநான்கு, முப்பத்திரண்டு பல் வைத்த பெரிய சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி. சின்னதையும் ஒரு பெரியதையும் பல்லோடு பல் பொருந்தப் பலகையில் ஆணியடித்து, புள்ளிகளை நேருக்கு நேர் வைப்பார். சின்னதை எத்தனை சுற்று சுற்றினால் புள்ளிகள் மறுபடி சேரும்? முதலில் சொல்லவேண்டும், பிறகுதான் சுற்றவேண்டும். அதுதான் ஆட்டம்.

“முப்பத்திரண்டுக்கு ஆறு சுத்து!” என்றார் ஷுக்கூர்.

“நாலுதான் பாய்!” என்றாள் பங்காரு.

“அடி போடி! இரும்பு எடைபோட்டே தாடி நரைச்சவன் நான்.”

சுற்றினார்கள். நான்கே சுற்றில் புள்ளிகள் சேர்ந்தன. காற்றடிக்க வந்த பொதட்டூர்பேட்டை நெசவாளி, “தாடி வெயில்ல நரைச்சிருக்கும் பாய்” என்றார். கடையே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் பங்காரு.

அதற்குப் பிறகு ஓயவில்லை. நாற்பது பல் கேட்டாள், நாற்பத்தெட்டு கேட்டாள். சாப்பிடும்போதும் எட்டாம் வாய்ப்பாடு தானாக வாயில் வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தால் போதும், முகம் திரும்பிவிடும். “இங்கியே படிச்சுக்கறேன் நைனா.”

இருபத்தொன்பதாம் தேதி மாலை கஜபதி ஐம்பத்தாறு பல் சக்கரத்தை அறுத்து முடித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்குப் பங்காரு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏழு சுத்து!” என்றாள். சுற்றினாள். புள்ளிகள் சேரவில்லை. ஒரு பல் மிச்சம் நின்றது.

“எண்ணாம சுத்தியிருப்பே” என்றார் கஜபதி.

புள்ளிகளைச் சேர்த்துவைத்து மறுபடி சுற்றினாள். அதே ஒரு பல். பங்காரு எழுந்து நின்றுவிட்டாள். “ஏழெட்டு அம்பத்தாறு நைனா! நான் தப்பில்ல, உன் சக்கரந்தான் தப்பு!”

“பாருய்யா, மேஸ்திரியவே தப்புன்றா!” என்று ஷுக்கூர் தொடையில் தட்டினார்.

கஜபதி ஒவ்வொரு பல்லாக நகத்தால் தொட்டு எண்ணினார். ஐம்பத்தேழு! கவராயத்தின் இரு முனையால் பல்லுக்குப் பல் அளவு வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சிய இடத்தில் இன்னொரு பல்லைத் திணித்துச் செதுக்கியது நினைவுக்கு வந்தது.

“ஆங், தப்புதாம்மா! என் தப்புதான்!” என்று, பரிசு வாங்கியவரைப் போலக் கத்தினார்.

“அப்போ இது எத்தினி சுத்துல சேரும்?”

கஜபதி ஷுக்கூரைப் பார்த்தார். ஷுக்கூர் தாடியைத் தடவினார்.

“சுத்திப் பாத்துடலாமே, கண்ணு.”

“மொதல்ல சொல்லணும் பாய்! சுத்தினப்புறம் யார்தான் சொல்லமாட்டாங்க?” அவள் பலகையையே பார்த்தாள். “டீச்சருக்குத் தெரியுமா நைனா?”

“தெரியாம இருக்குமா!”

பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். கஜபதி, பாதி கழற்றிய டயரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். அவர் வகுப்பு ஜன்னலை எட்டியபோது, கமலா டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

“ஐம்பத்தேழு சுத்து. அதுக்கு முன்னால சேராது.”

“அவ்ளோவா!” என்றது வகுப்பு. அன்று சிரித்த பெண்கள் பலகையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். பங்காரு சுற்ற, எல்லாரும் எண்ணினார்கள். கஜபதியும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். முப்பதுக்கு மேல் கைவிட்டுவிட்டார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு! இரண்டு சிவப்புப் புள்ளிகளும் முட்டிக்கொண்டு நின்றன. வகுப்பு போட்ட கூச்சலில் அடுத்த வகுப்பு வாத்தியார் ஓடி வந்தார்.

கமலா டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, முப்பதாம் தேதிக் கட்டத்தில் குறியிட்டார். பங்காரு அதைக் கவனிக்கவே இல்லை.

“டீச்சர், அம்பத்தெட்டுப் பல் இருந்தா?”