உப்பைக் கழுவாமல் வரமாட்டார்கள்

மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து என் அம்மாவுக்கு மறுபடி ரத்தம் படத் தொடங்கியிருந்தது. வாலிநோக்கம் உப்பளத்தில் அவளோடு உப்பு வாரிய பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது. நான் அந்த வட்டாரத்தின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு ஒருங்கிணைப்பாளர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் எதையும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாள் தெருத்தெருவாகப் போனேன். "தாய்மார்களே, வெட்கத்தை விடுங்கள்" என்று நான் முழங்கியதும் தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 'மக்களிடையே உடனடித் தாக்கம் காணப்பட்டது' என்று அறிக்கை எழுதினேன்.

முகாமன்று காலை பத்து மணிக்கே பள்ளிக்கூடத்தில் எல்லாம் தயார்: பந்தல், பேனர், பொன்னாடை, கலர் சோடா. பெண் டாக்டரும் நர்சும் காத்திருந்தார்கள். பெண்கள் நலம் பற்றி நான்கு ஆண்கள் பேசினார்கள். பரிசோதனைக்கு ஒருத்தியும் வரவில்லை. "அறியாமை" என்றார் தலைமை தாங்கியவர். நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் குழாயடியில் ஓர் அத்தை முறைக்காரியிடம் கேட்டேன்.

"ஏன்த்தே ஒருத்தரும் வரலை?"

"வாசல் வரைக்கும் வந்தோம் மருமகனே. விடியமுன்ன பாத்தியில எறங்குனவளுக்கு இடுப்புக்குக் கீழ பூராம் உப்பு. குளிக்காம எவ போயி டாக்டரம்மா முன்னாடி படுப்பா? அங்கன ஒரு வாளித் தண்ணி வச்சிருந்தியா? கலருலயா குளிக்கிறது?"

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தை குரலைத் தாழ்த்தினாள். "மொத ஆளா வந்தது ஒங்க ஆத்தாதான்யா. ஆறு மாசமா அவளுக்கு ரத்தம் படுது. ஒன்கிட்டச் சொல்லலையா?"

வீட்டில் அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லலை?"

"ஊரு பூராம் மைக்குல கேட்ட. வீட்டுக்குள்ள கேட்டியாக்கும்? ஆம்பளப் புள்ளைகிட்ட என்னத்தச் சொல்ல?"

தண்ணீர் லாரிக்கு மேலிடத்தில் அனுமதி கேட்டேன். புற்றுநோய்த் திட்டத்தில் குளிப்பதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. பேனருக்கு இடமிருந்தது. செலவுக் கணக்கில் 'பேனர்' என்று எழுதி லாரியை வரவழைத்தேன். வேலை முடிகிற நேரத்தில், உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது முகாம். பழைய பேனர்களைக் கம்புகளில் கட்டிக் குளிக்க மறைப்பு போட்டோம். பேனரில் இருந்த தலைமை தாங்கியவரின் முகம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பெண்கள் குளித்தார்கள், வரிசையாக உள்ளே போனார்கள். சொற்பொழிவு கிடையாது. நான் தூரத்தில், கருவேல மரத்தடியில் நின்றேன்.

நர்சு என்னைத் தேடி வந்தார். "அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில மாற்றம் தெரியுது. சதை எடுத்துப் பாக்கணும். இந்த வாரமே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "உப்பு வாருற நேரம்யா. மழை விழட்டும், போவோம்."

"ஆரம்ப நிலையிலேயே கண்டறிந்தால்..." என்று தொடங்கிய எனக்குப் பாதியில் அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் கத்தியபோது ஒருவரையும் அசைக்காத வாக்கியம் அது.

"சரி, அழுவாத. வாரேன். ஆனா டாக்டரம்மாகிட்ட நாந்தேன் பேசுவேன். நீ வெளிய இரு."

மதுரையில் நான் வெளியேதான் இருந்தேன். சதைப் பரிசோதனையில் புற்றுதான் என்று உறுதியானதும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்பதை டாக்டர் அவளிடம்தான் சொன்னார். எனக்கு அவள் சொன்னாள்.