வாசலை மிதிக்காத அண்ணனும் தங்கையும்

டிவி கோர்ட்டுக்குச் சண்டைக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அடுத்த வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுத்துவிட்டு முழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த எங்கள் நிகழ்ச்சி இப்போது புது நீதிபதி அம்மா, புது செட்டோடு மறுபடி ஆரம்பித்திருக்கிறது.

மாற்றல்

ஆள் தேடி வெண்ணந்தூர் போனேன். எதிரில் செங்கோடன். ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை பாவாயியோடு நிலப் பங்குக்காகப் பழைய செட்டில் மல்லுக்கு நின்றவர். "இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக் கூடாது" என்று அன்றைய நீதிபதி தீர்ப்புச் சொன்னார். நீதிபதி சீரியல் நடிகர், வசனம் அடியேன்.

புது நீதிபதி அம்மாவின் படத்தைக் காட்டியதும் செங்கோடன் முகம் மலர்ந்தது. "பழைய ஜட்ஜய்யாவுக்கு மாத்தலாகிப்போச்சுங்களா? அப்ப அப்பீல் பண்ணலாமுங்க!"

பஸ் ஸ்டாண்ட்

பாவாயியின் மகளுக்குக் கல்யாணமாம். தாய்மாமன் சீர்த்தட்டோடு அந்த வாசலில் ஏறியாக வேண்டும். ஊரே டிவியில் பார்த்த தீர்ப்பை மீற இருவருக்கும் மனசில்லை. இத்தனைக்கும் சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது. மாசாமாசம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, பாவாயி கொண்டுவரும் முறுக்கைத் தின்றபடி பேசிக்கொள்கிறார்கள்.

"வாசலைத்தானுங்க மிதிக்கக் கூடாதுன்னாங்க. பஸ் ஸ்டாண்டைச் சொல்லலீங்களே" என்றார் செங்கோடன்.

சோபா

இருவரையும் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனேன். பழைய கூண்டு இருந்த இடத்தில் இப்போது சோபா. பாவாயி உட்கார மாட்டேன் என்றுவிட்டார். நின்றுகொண்டு சொன்னால்தான் உண்மை வருமாம். செங்கோடன் தங்கைக்குத் துணையாகத் தானும் எழுந்து நின்றார். இருவரும் சிரித்துப் பேசுவதைப் பார்த்த டைரக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"சண்டையே இல்லாத கேஸை எதுக்குய்யா கூட்டிட்டு வந்தே? திருப்பி அனுப்பு."

பத்திரிகை

திரும்பும் வழியில் வேனில் பாவாயி அழுதார். அண்ணன் வராமல் மகளை எப்படி மணவறைக்கு அனுப்புவது என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது கோர்ட்டே இல்லை, அவர் ஜட்ஜே இல்லை, அந்தத் தீர்ப்பை எழுதியதே நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். "அப்ப இதோட பின்பக்கத்துல அந்தத் தீர்ப்பை நீங்களே மாத்தி எழுதிக் குடுத்துப்போடுங்க சாமி. ஊருல காட்டோணும்."

நான் எழுதியதில் ஒளிபரப்பாகாத தீர்ப்பு அது ஒன்றுதான். கல்யாணப் பந்தியில் எனக்கு முதல் இலை வாங்கித் தந்ததும் அது ஒன்றுதான்.