பெயர் இருக்கும் பக்கம்

1. தேசம்மாள் திருப்பிக் கொண்டுவந்த துண்டு

பெசன்ட் நகரில் ஒரு மெடிக்கல்ஸில் முப்பத்தொரு வருஷம் பார்மசிஸ்டாக நின்றவன் நான். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படிப்பேன் என்று கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரை ஒரு காலையில் இறக்கி வைத்தவர், ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மாள். முந்தின நாள் நான் அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்த மாத்திரைத் துண்டைக் கவுண்டரில் வைத்தார்.

"இன்னா சார் குட்த்துகீற? எங்க ஊட்டுக்காரரு பிரஷர் மாத்திரையில கோடு இருக்காது. இதுல நடுவுல கோடு கீது பாரு."

தேசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே அடையாளம் சொல்வார். திருப்பிப் பார்த்தேன். பெயரே இல்லாத துண்டு. உள்ளே இருந்தது சர்க்கரை மாத்திரை. சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய், சர்க்கரை இறங்கி மயங்கியிருந்தால்?

"போட்டுக்கிட்டாராம்மா?"

"நான் உட்டாதானே!"

2. தானாகப் போகும் கத்தரி

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது இது: அட்டையை வெட்டும்போது பெயரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கும் பக்கம் கடையில் தங்க வேண்டும். மறுமுனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். என் கத்தரி தானாகவே அந்தப் பக்கம் போகும். அந்த வாரம் போகவில்லை. சர்க்கரை மாத்திரை அட்டையில் பெயர் இருந்த முனையை யாருக்கோ வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதியைப் பக்கத்து பிரஷர் பெட்டியில் போட்டிருக்கிறேன். மறுநாள் அதையே எடுத்துக் கொடுத்தும் இருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். மனைவி இறந்த பிறகு மனச்சோர்வுக்காக ஆரம்பித்த மாத்திரையைப் பதினோரு வருஷம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தேன். இனி எதற்கு என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். "டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது!

முதலில் தலைக்குள் சின்னச் சின்ன ஷாக் அடித்தது. அது அடங்கியதும் மறதி பிடித்துக்கொண்டது. சீட்டைப் படித்துவிட்டு ரேக் பக்கம் திரும்பினால், எதை எடுக்க வந்தேன் என்பது போய்விடும். பழைய வாடிக்கையாளர்களின் பெயர் வாய்வரை வந்து நின்றுவிடும். வெட்கத்தில் இரண்டு மாதம் மறைத்தேன்.

3. முதலாளி சொன்னது

அன்றே முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். மயிலாப்பூர்க்காரர், சத்தம் போடவில்லை.

"வேலைய விடறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல டாக்டரப் பாருங்கோ. அதுவரைக்கும் கத்தரியத் தொடப்படாது."

அது அடி வாங்குவதைவிட வலித்தது.

அடையாறில் டாக்டர் வேறு காரணம் ஏதும் உண்டா என்று ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் இப்படி வரும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு வந்திருக்கு. மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். அவசரப்படாதீங்க."

குறைத்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. ஞாபகம் தேறியதால் கத்தரி மட்டும் மூன்றாம் மாதமே திரும்பக் கைக்கு வந்தது. புது வழக்கம் ஒன்று வைத்துக்கொண்டேன். மருந்தின் பெயரைச் சத்தமாகப் படித்து, கவர் மேல் எழுதி, அப்புறம்தான் கொடுப்பேன். பெயர்கள் இன்றும் சற்றுத் தாமதமாகத்தான் வருகின்றன. வரட்டும். அதன் பிறகு ஒரு மாத்திரைகூட மாறவில்லை.

தேசம்மாளிடமும் நடந்ததைச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானும் கூடவே பாத்துக்கினு இருந்திருப்பேன்ல" என்று திட்டினார். மறதி யாருக்கும் வரலாம். அதை மறைத்துக்கொண்டு கவுண்டரில் நின்றேனே, அதுதான் நான் செய்த தப்பு. மருந்துக் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டால் போதும்.

ஓய்வு பெற்ற அன்று கடைசியாக வெட்டியது தேசம்மாளுக்கு. பெயரைப் படித்தேன், எழுதினேன், நீட்டினேன். வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கரீட்டா கீது. நீ போய் வா நைனா."

கத்தரியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.