கேட் திறந்த பிறகு ஒரு பாட்டு

தேவசகாயத்தைக் கவிஞர் என்று சொன்னால் செங்கல்பட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுக்காரர் என்றால் தெரியும். ஊருக்குத் தெற்கே ரயில் தண்டவாளம் சாலையைத் தாண்டுகிற இடத்தில் கேட்டைச் சாத்துவதும் திறப்பதும் அவர் உத்தியோகம். நான் பஷீருதீன். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களில் விற்கிறவன். அந்தக் கேட்டில் நின்று நின்றே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று.

அவர் செய்யூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தார். பிறகு ரயில்வேயில் கல் கொட்டுகிற வேலை. காலில் தண்டவாளம் விழுந்து கொஞ்சம் விந்தி நடக்க ஆரம்பித்ததும், உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேட்டைக் கொடுத்தார்கள். கேட்டை ஒட்டி ஓர் அறை. அதில் அவரும் மனைவி ஜெசிந்தாவும் அவள் வளர்த்த கோழிகளும்.

சாத்திய கேட்டில் நிற்கிறவனுக்கு நல்ல வார்த்தை வாயில் வராது. ரயிலைத் திட்ட முடியாது, அது தூரத்தில் இருக்கிறது. கேட்டுக்காரர் எதிரிலேயே இருக்கிறார். அத்தனை வசவும் அவருக்குத்தான். ஐம்பத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு. இரண்டு வண்டிக்காரர்கள் யார் முன்னால் நிற்பது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தேவசகாயம் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“காளை நாலும் கம்முனு நிக்குது,
ஆளு ரெண்டும் கொம்பில்லாம முட்டுது.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சட்டையைப் பிடித்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பாட்டுப் பைத்தியம்.

மறுநாளிலிருந்து அறைக் கதவில் சாக்கட்டியால் தினம் ஒரு பாட்டு எழுதினார். தார் பூசிய கதவு, எழுத்து பளிச்சென்று தெரியும். விடியற்காலையில் எழுதுவார், பொழுது சாய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். “நேத்து சோத்த இன்னிக்கு துன்னுவியா பாய்?” என்றார். எல்லாம் நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஏழு சப்பென்று இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர் ஏழையும் அதே ராகத்தில், அதே பெருமையோடு பாடுவார். ஆனாலும் வசவு நின்றுவிட்டது. சிலர் அவர் பாட்டுக்காகவே காத்திருப்பதாகக்கூடச் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது.

“அண்ணாத்த, கேட்டு சாத்தி கீறதால நிக்கிறானுங்க. தொறந்துட்டு பாடிப் பாரு, ஒரு ஈ காக்கா நிக்காது” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. விளையாட்டுக்குச் சொன்னது அவருக்கு ஆழமாகத் தைத்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கேட் வேலையில் ஒரு விஷயம் உண்டு. முந்தின ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பியதும் அறையில் மணி அடிக்கும். மணி அடித்ததும் சாத்தலாம் என்பது விதி. ஆனால் ரயில் வர அதற்குப் பிறகும் நேரம் இருக்கும். அவசரமாக வருகிற வண்டி ஒன்றிரண்டை விட்டுவிட்டு, இனித் தாங்காது என்கிறபோது சாத்துவதுதான் தேவசகாயத்தின் பழைய வழக்கம். சாத்திப் பூட்டி லீவரை இழுத்துவிட்டால் ரயிலுக்கு வழி தருகிற கைகாட்டி மரம் இறங்கிவிடும். அப்புறம் ரயில் தாண்டுகிறவரை சாமியே வந்தாலும் கேட்டைத் திறக்கக் கூடாது.

பாட்டு வந்தபின் அந்த வழக்கம் மாறியது. மணி அடித்த கையோடு சாத்தினார். அப்போதுதான் கூட்டம் சேரும், முழுப் பாட்டையும் கேட்கும். விதிப்படி அதில் குற்றமில்லை. எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஜெசிந்தா ஒருத்திதான் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே, “இன்னாத்துக்கு இம்மாம் முன்னால சாத்துற?” என்று கேட்பாள். அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விடுவார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை. கேட்டில் ஏழெட்டுப் பேர் நின்றோம். மாமல்லபுரத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற முனியம்மாவும் கூடையோடு நின்றாள். அவள் கருவாட்டைப் பற்றித்தான் அன்றைய பாட்டு.

“கடலத் தூக்கி வெயில்ல போட்டா
கருவாடுன்னு பேராச்சு...”

அடுத்த அடியை எடுப்பதற்குள் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. உள்ளே ஒரு பெண்ணின் முனகல். கடலைக்கொல்லையில் கூலி வேலை செய்கிற ராமதாஸின் மனைவி பொன்னி, தலைப்பிரசவம். பெரியாஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ராமதாஸ் ஓடிவந்து தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, கொஞ்சம் தொறண்ணே. வலி தாங்கல அதுக்கு.”

கைகாட்டி இறங்கியிருந்தது. ரயில் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. தேவசகாயம் கைகாட்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முடியாது என்று தலையை ஆட்டினார்.

முனியம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களை விரட்டினாள். “ஆம்பளைங்க அப்பால போங்க. ஜெசிந்தா, சுடுதண்ணி வை.” என் மூட்டையிலிருந்து இரண்டு புடவையை அவளே உருவி வண்டியைச் சுற்றிக் கட்டினாள். ரயில் வந்தது, போயிற்று. அது கிளப்பிய சத்தம் அடங்கிய பிறகுதான் குழந்தை அழுவது கேட்டது. கேட்டைத் திறந்ததும் வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. பொன்னிக்கு ரத்தம் நிற்கவில்லை. வண்டி போன வழியெல்லாம் சொட்டியிருந்தது.

தேவசகாயம் அப்போதே கதவைத் துடைத்தார். சாக்கட்டியைத் தூக்கித் தண்டவாளத்துக்கு அப்பால் எறிந்தார். ஜெசிந்தா நாலு வசவு வைதிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொன்னி பிழைத்தாள். மார்கழியில் ராமதாஸ் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு பழமும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். “உன் எடத்துலதான் பொறந்தான் அண்ணே. தொட்டில்ல போடுற அன்னிக்கு நீதான் வந்து பாடணும்.” நான் பக்கத்தில்தான் நின்றேன். தேவசகாயம் தட்டை வாங்கவில்லை.

“அன்னிக்கு சாத்தாம விட்டிருந்தா உன் வண்டி தாண்டியிருக்கும் ராமதாசு. நாலு பேரு நின்னு என் பாட்ட கேக்கணும்னுதான் முன்னாலயே சாத்தினேன். அதான் நெசம்.”

ராமதாஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல மனுஷன், அடித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

தேவசகாயம் பழையபடி கடைசி நேரத்தில் சாத்த ஆரம்பித்தார். பாட்டு இல்லை. நின்றவர்கள் பழையபடி அவரைத் திட்டினார்கள். அவரும் இதுதான் எனக்கு நியாயம் என்பதுபோலக் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தச் சப்பைப் பாட்டுகளுக்காக மனசு அடித்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

தை பிறந்து, அறுப்பு மும்முரமாக இருந்த சமயம். கேட் சாத்தியிருந்தது. ரயில் போயிற்று, திறந்தார். வண்டிகள் முண்டியடித்துக்கொண்டு கிளம்பின. கடைசியாக வந்த வண்டி மட்டும் தண்டவாளத்தைத் தாண்டி ஓரமாக நின்றது. ராமதாஸ் மாட்டைப் பிடித்துக்கொண்டான். பொன்னி கைக்குழந்தையோடு இறங்கினாள்.

“அண்ணே, அன்னிக்கு கருவாட்டுப் பாட்டு பாதில நின்னுபோச்சே. வலியில பல்ல கடிச்சிகினு கேட்டுகினுதான் இருந்தேன். மீதி இன்னா?”

தேவசகாயம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அழிச்சிட்டேம்மா. நெனப்புல இல்ல.”

“அப்ப புதுசா போடு.”

“வேணாம்மா. நீ போ. கேட்டு தொறந்துதான கீது.”

“தெரியுது. நான் நிக்கிறேன்.”

அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமல் அருகே வந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். ராமதாஸும் அவசரப்படுத்தவில்லை. ஜெசிந்தா உள்ளேயிருந்து ஒரு சாக்கட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. தேவசகாயம் மெல்ல ஆரம்பித்தார்:

“கடலத் தூக்கி வெயில்ல போட்டா
கருவாடுன்னு பேராச்சு.
மடியத் தேடி வந்த புள்ளைக்கு
வண்டித் தடமே ஊராச்சு.”

எனக்கு அன்று இருட்டுவதற்குள் பத்து வீடாவது ஏறி இறங்க வேண்டியிருந்தது. வழி திறந்தே கிடந்தது. நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, “அண்ணாத்த, இன்னொரு தபா சொல்லு” என்றேன்.