குணா அக்கா தேர்ந்தெடுத்த கடல்

ஆரணி கொசப்பாளையத்தில் குணசுந்தரி அக்கா வீட்டு மாடி அறையில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் கீழே தறிச் சத்தம் ஆரம்பிக்கும். அது நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டார், இனி மோட்டார் போட்டியா, கேட்டைச் சாத்தினியா என்று விசாரணை தொடங்கும் என்று அர்த்தம்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. பதின்மூன்று வயதில் குழித்தறியில் கால் விட்டவர். அவர் நெய்த பட்டுப் புடவைகள் சென்னை போயின, பெங்களூர் போயின, அமெரிக்காவுக்கும் போயின. அக்கா அதிகபட்சம் போனது மேல்மலையனூர். கடலை டி.வி.யில் பார்த்ததோடு சரி. அதைப் பற்றிப் பெரிய ஏக்கம் எதுவும் அவருக்குக் கிடையாது. "இன்னா, தண்ணிதானே" என்பார்.

வம்பு கார் ரூபத்தில் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் லாவண்யாவுக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல். தன்னுடைய பழைய வெள்ளி நிறக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, சாவியை அம்மா கையில் கொடுத்து, "நீயே ஓட்டும்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமையே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்.

சொல்லிக்கொடுத்த கந்தசாமி அந்த முதல் வாரத்தை இப்போதும் டீக்கடையில் உட்கார்ந்து புலம்புவார். தறியில் இரண்டு மிதி. இடது கால், வலது கால், மறுபடி இடது, மறுபடி வலது என்று மாற்றி மாற்றி அமுக்கினால்தான் நெசவு நடக்கும். முப்பத்துநாலு வருஷம் அப்படியே பழகிய கால், காரிலும் அதையே செய்தது. கிளட்சை ஒரு மிதி, ஆக்சிலேட்டரை ஒரு மிதி. கார் தவளை மாதிரி எகிறி எகிறிப் போனது.

"யம்மா, இது தறி இல்லம்மா. எவ்ளோ மிதிச்சாலும் புடவை வராது."

"கால் அது பாட்டுக்குப் போவுதுங்க. நான் இன்னா பண்றது?"

இரண்டாவது வாரம் கால் புரிந்துகொண்டது. மிதியைப் பாதியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அறுந்த இழையை முடி போட்டுப் பழகிய காலுக்கு, அரை கிளட்ச்சில் வண்டியை நகர்த்துவது சுலபமாக வந்துவிட்டது. முதல் தடவையிலேயே லைசென்ஸ்.

அப்புறம்தான் கோபிநாத் வந்தார். அக்காவின் கொழுந்தனார். இரண்டு தெரு தள்ளி வீடு. வாரத்துக்கு இரண்டு நாள் வேனில் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய் வருகிறவர். அந்தக் கார் வாசலில் நின்ற நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

"அண்ணி ஓட்டறதுக்கு ஆரணியில எங்க கீது ரோடு? சும்மா நின்னுகினு இருந்தா பேட்டரி போயிடும். நான் எடுத்தும்போய் வெச்சிக்கறேன். உங்களுக்கு எப்ப வேணும்னாலும் ஒரு போன் பண்ணுங்க, வந்துடறேன்."

அக்காவின் வீட்டுக்காரர் சிவகுமார் அதிகம் பேசாதவர். தம்பிக்கும் இல்லை என்று சொல்லமாட்டார், பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டார். இரண்டு நாள் யோசித்துப் பஞ்சாயத்தாக ஒன்று சொன்னார். "குணா ஒரு தூரப் பயணம் ஓட்டிகினு போயிட்டு வரட்டும். நடுவுல வேற யாரும் ஸ்டேரிங்கைத் தொடக் கூடாது. தொட்டா வண்டி கோபிக்கு. தொடலன்னா அவளுக்கு."

"எந்த ஊருக்கு?" என்றார் அக்கா.

கோபிநாத் தாடையைத் தடவினார். "மெட்ராஸ் பக்கம் ஈ.சி.ஆர். ரோடு கீதே, கடலோரமா. அதுல ஓட்டணும். ஆனா ஒண்ணு. கடலோர ரோடுன்னா கடல் தெரியணும். வண்டியை விட்டு எறங்காம, உக்காந்த எடத்துலேர்ந்தே எல்லாரும் கடலைப் பாக்கணும். அப்பதான் போனதா கணக்கு."

அக்கா சரி என்றார். எனக்கு அந்தக் கடைசி நிபந்தனைதான் இடித்தது.

சாயந்திரம் அக்கா மாடி ஏறி வந்தார். "தம்பி, நீ மூணு வருஷம் மெட்ராஸ்ல படிச்சவன். அந்த ரோட்டுல கடல் எங்கெங்க தெரியும், சொல்லு."

நான் தேவிகாபுரத்துக்காரன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. கணிதம். இந்த ஊரில் ஒரு பட்டுக் கடைக்கு ஆன்லைன் வியாபாரம் பார்க்கிறேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு கேள்வி வந்தால் தெரியாது என்று எப்படிச் சொல்வது? உண்மையில் அந்தச் சாலையில் நான் போனது ஒரே தடவை. அதுவும் பஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில், யாரோ ஒருவருடைய அக்குளுக்குக் கீழே நின்றபடி.

"நெறைய எடத்துல தெரியும்க்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் யூடியூப்தான். காருக்கு முன்னால் கேமராவை மாட்டிக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டியவர்களின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்று புரிந்தது. கடலோரச் சாலை என்று பேர்தானே ஒழிய, கடல் தெரிவதில்லை. காம்பவுண்ட் சுவர், ரிசார்ட், ஓட்டல் வளைவு, சவுக்குத் தோப்பு, மறுபடி காம்பவுண்ட் சுவர். வாரம் இரண்டு தடவை சென்னை போகும் கோபிநாத்துக்கு இது தெரியாமலா நிபந்தனை போட்டிருப்பார்?

அக்கா டிசைன் போடும் கட்டத் தாள் ஒன்று கொடுத்தார். கட்டம் ஒன்றுக்கு அரை கிலோமீட்டர் என்று வைத்து, கடல் தெரியும் கட்டங்களுக்கு மட்டும் நீலம் அடித்துக் கொடுத்தேன். அக்கா அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஒடம்பு பூராவும் பிளெயினா கீது. பூப் புட்டா மூணே மூணுதானா?"

"மூணுதாங்க்கா."

"போதும். ஒண்ணு தெரிஞ்சாலே செயிச்சோம்."

எந்தப் பக்கமிருந்து போவது என்பதில் அடுத்த சண்டை. தாம்பரம் வழியாகத் திருவான்மியூர் போய், அங்கிருந்து தெற்கே இறங்க வேண்டும் என்றார் கோபிநாத். அந்த நெரிசலில் அண்ணி பாதியிலேயே சாவியை நீட்டிவிடுவார் என்ற நல்ல எண்ணம். அக்கா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். செய்யாறு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். அங்கிருந்து வடக்கே முட்டுக்காடு வரை போய்த் திரும்புவது.

"வடக்கப் போனா கடல் வலதுகைப் பக்கம். ஓட்டறவளுக்கு மொதல்ல தெரியட்டும். ஒக்காந்துகினு வர்றவங்க திரும்பி வரச்சே பாத்துக்கட்டும்."

அமாவாசையன்று கிளம்பினோம். நெசவாளிகள் தறியில் உட்காராத நாள் அது. காலை ஆறு மணி. முன்னால் சிவகுமார் அண்ணன், மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவர் விடவே இல்லை. பின்னால் கோபிநாத், அவர் மனைவி சூர்யகலா, நடுவில் தாளோடு நான். செய்யாறு தாண்டும் வரை கோபிநாத் இல்லாத பிரேக்கை எல்லாம் மிதித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணி, லாரி."

"தெரியுது கோபி."

"அண்ணி, மாடு."

"அதுவும் தெரியுது. வேணும்னா எறங்கி நீ அதுங்கூட வா."

சூர்யகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

திருக்கழுக்குன்றத்தில் டிபன். வயிறு நிறைந்து ஜல்தியாக ஏறிக் கிளம்பிவிட்டோம். அந்த இடத்தில்தான் ஆரணிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. குழித்தறியில் செருப்புக் காலோடு யாரும் இறங்கமாட்டார்கள். அக்காவுக்குக் காரும் அப்படித்தான், வெறுங்காலால்தான் ஓட்டுவார், மற்றவர்களும் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஞாபகமாக எடுத்து வைத்தோம். ஓட்டல் வாசலில் பேச்சு மும்முரத்தில், தறி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, கார்க் கதவுக்கு வெளியே வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு ஏறியிருக்கிறோம். ஐந்து பேரும். அதில் ஒரு ஜோடி, இன்டர்வியூவுக்கென்று வாங்கிய என்னுடைய கறுப்பு ஷூ. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மாமல்லபுரம் தாண்டி வடக்கே திரும்பினோம். முதல் புட்டா வந்தது. நான் வீடியோவில் கடலைப் பார்த்த இடத்தில் புத்தம் புதுச் சுவர், வெள்ளையடித்த ஈரம்கூடக் காயவில்லை.

"கடல் ரொம்ப வெள்ளையா கீதுப்பா" என்றார் கோபிநாத்.

இரண்டாவது புட்டாவில் கடலை மறைத்து வரிசையாக ஏழெட்டுச் சுற்றுலா பஸ்கள் நின்றன. மூன்றாவது, முட்டுக்காடு பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், படகுகள், குளுகுளு காற்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது கடல் இல்லப்பா, கழிமுகம். படிச்சவன் உனக்குத் தெரியாதா?" என்றார் கோபிநாத்.

சிவகுமார் அண்ணன் கைப்பிடியை விடாமலே எட்டிப் பார்த்தார். "கடல்னு சொல்ல முடியாதுதான்" என்றார், மென்று விழுங்கி.

பாலத்தைத் தாண்டித் திருப்பி, ஓர் இளநீர்க் கடை நிழலில் நிறுத்தினார் அக்கா. மணி பன்னிரண்டு. "இவ்ளோ தூரம் வந்தாச்சு, கணக்கு கெடக்கட்டும், எறங்கி நடந்தாவது கடலைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று சூர்யகலா கதவைத் திறந்தார். குனிந்தார். "என் செருப்பு எங்க?"

ஐந்து பேரும் குனிந்தோம். கோபிநாத் ஒரு காலைத் தார் ரோட்டில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, போதும் அண்ணி. கடலும் தெரியல, காலுக்குச் செருப்பும் இல்ல. வீட்டுக்குப் போலாம். கணக்குப்படி..."

"கணக்கு வீட்டுக்குப் போனப்புறம்" என்றார் அக்கா. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

தெற்கே நாலைந்து கிலோமீட்டர் வந்ததும் அக்கா திடீரென்று இண்டிகேட்டர் போட்டார். இடது பக்கம், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. மீனவர் குப்பத்துக்குள் போகும் வழி. மீன் கூடையோடு ஒரு பெண் அதிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"மீனு வர்ற வழியில போனா கடலு வராமலா போயிடும்" என்றார் அக்கா.

"அண்ணி, இதுல வண்டி போவாது."

போனது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் காயும் வலை, நடுவில் படுத்திருந்த நாய். அரை கிளட்ச்சில், ஒரு முழத்துக்கு ஒரு நிமிஷம் என்று அக்கா நகர்த்தினார். கண்ணாடிகளை மடக்கச் சொன்னார். நாய் கடுப்போடு எழுந்து வழி விட்டது. சந்து ஒரு வளைவு வளைந்தது, வீடுகள் முடிந்தன, முன் கண்ணாடி முழுக்கக் கடல்.

அக்கா என்ஜினை நிறுத்தினார். கோபிநாத்கூடப் பிரேக் மிதிக்கவில்லை.

"ஒரே கலர் இல்ல பாருங்க" என்றார் அக்கா, வீட்டுக்காரரிடம் மெதுவாக. "பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் போட்ட மாதிரி கீது. இப்பிடித் திரும்பினா பச்சை, அப்பிடித் திரும்பினா நீலம்."

"ஆமா" என்றார் சிவகுமார் அண்ணன். அன்றைக்கு முதல் முறையாகக் கைப்பிடியிலிருந்து கை இறங்கியது. "அஞ்சு பேரும் பாத்தாச்சு. உக்காந்த எடத்துலேர்ந்து."

கோபிநாத் சுதாரித்துக்கொண்டார். "பாத்தாச்சு சரி. எப்பிடித் திரும்புவீங்க? முன்னால மணலு, ரெண்டு பக்கமும் படகு. வந்த சந்துல பின்னாலயேதான் போவணும். எறங்குங்க அண்ணி, நான் எடுத்துத் தர்றேன்."

கோபிநாத் காத்திருந்த இடம் இதுதான். வளைவோடு கூடிய அந்தச் சந்தில் ரிவர்ஸ் எடுப்பது கந்தசாமி சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை. அக்கா ஸ்டேரிங்கைப் பிடித்தபடி ஒரு மூச்சு இழுத்துவிட்டார்.

"ஸ்டேரிங்கு வேணாம் கோபி. பின்னாடி நின்னு வழி சொல்லு. இந்த மாதிரி எடமெல்லாம் உனக்குத்தானே பழக்கம்."

கோபிநாத் இறங்கினார். உச்சி வெயில், மணல், வெறுங்கால். இரண்டு எட்டு வைத்ததும் எகிறத் தொடங்கிவிட்டார்.

"வாங்க அண்ணி, வாங்க, ஜல்தியா வாங்க."

"அவசரப்பட்டா சுவத்துல ஒரசும் கோபி. லெஃப்ட்ல எவ்ளோ கீது?"

"ஒரு சாண். வாங்க, வாங்க."

அக்கா அரை அடி வந்து நிறுத்தினார். "ரைட்ல?"

"அதுவும் ஒரு சாண்தாங்க. வந்துகினே இருங்க."

"அந்த வலை மேல ஏறாதே?"

"ஏறாது அண்ணி, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன்."

கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாய்யா, அமாவாசைக்கு சாமி ஆடுறியா?"

சூர்யகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வளைவு வந்தபோது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முழுக்க ஒடித்து, நேராக்கி, மறுபடி ஒடித்தார். வலது பக்கச் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கட்டத் தாள்தான் நுழையும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தேன். உரசவில்லை. வண்டி மெயின் ரோட்டுக்கு வந்துசேர இருபது நிமிஷம் ஆனது. அதில் பத்து நிமிஷம் தேவையில்லாதது என்று கணிதம் படித்த என்னால் சொல்ல முடியும்.

ஏறி உட்கார்ந்த கோபிநாத்தின் பாதங்களில் சூர்யகலா ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். திருக்கழுக்குன்றம் ஓட்டல் வாசலில் விட்ட வரிசையிலேயே கிடந்த ஐந்து ஜோடியையும் எடுத்துக்கொண்டோம். ஆரணி வரும்வரை கோபிநாத் லாரி, மாடு எதையும் அறிவிக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு முன்னாலேயே வாயைத் திறந்து தூங்கிப்போனார். வீட்டு வாசலில் அக்கா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சிவகுமார் அண்ணன் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நாலு நாள் கழித்து கோபிநாத் வந்தார். பாதம் ஆறியிருந்தது. தறிப் பக்கம் போய் நின்று, நெய்துகொண்டிருந்த புடவையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"அண்ணி, வர்ற ஞாயித்துக்கிழமை மாமியார் வூட்ல ஒரு விசேஷம். பெரணமல்லூர்."

"சரி, போயிட்டு வா."

"இல்ல. வண்டி..."

அக்கா மிதியை நிறுத்தினார். "சாவியெல்லாம் தர்றதில்ல."

"சாவி யார் கேட்டா? நீங்க ஓட்டிகினு வர்றீங்களான்னு கேக்கறேன். பஸ்ல போனா பேஜாரு."

அக்கா கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வர்றேன். முன் சீட்டுல சூர்யகலா உக்காருவா. அவளும் கத்துக்கணும்னு சொல்லிகினு கீறா."