ரேடியேட்டருக்குச் சீயக்காய்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் எங்களுக்கு ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. அதற்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். எந்தக் கிழமை எங்கே கொதித்தது, எத்தனை வாளி தண்ணீர் குடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆனி மாதப் பக்கங்களில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஆரியங்காவு ஏற்றம். கொதித்தது. நின்றோம்.’

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலையேறிக் கொல்லத்துக்கு எலுமிச்சை ஏற்றிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. மூன்றாவது முறை வண்டி நின்றபோது எலுமிச்சை வியாபாரி சத்தம் போடவில்லை. “இன்னொரு மட்டம் மலையில நின்னா, நான் வேற வண்டியப் பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதேயும்” என்றார். அடுத்த லோடு புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை இரண்டு முறை படித்திருந்தேன். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அடியிலிருந்த திருகைத் திறந்தேன். காவித் தண்ணீராகத் துரு இறங்கியது. நல்ல தண்ணீர் விட்டு மறுபடி திறந்ததும் கொஞ்சம் வெளுத்தது. இன்னும் இரண்டு முறை அலசினால் போதும் என்று டிரைவர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். போயிருக்கக் கூடாது.

திரும்பி வந்தபோது ரேடியேட்டரின் வாயிலிருந்து நுரை பொங்கி, முன்சக்கரம் வரை வழிந்துகொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி இது?”

“சீயக்கா மொதலாளி. ரெண்டு கைதான் போட்டேன்.”

குற்றாலச் சாரல் காலத்தில் தினமும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பவர் அவர். டிரைவர் சீட்டுக்கு அடியில் சீயக்காய்ப் பொட்டலம் எப்போதும் இருக்கும்.

“கைய விட்டுப் பாத்தேன். வழுவழுன்னு இருந்துது. உள்ள எண்ணெ எறங்கிருக்கு. எண்ணெக்குச் சோடா கேக்குமா? சீயக்காதான் கேக்கும்.”

“வழுக்குனது சோடா அண்ணாச்சி! சோடாத் தண்ணி வழுக்கத்தான் செய்யும்!”

“பொஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கோ?”

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மேலே ததும்பி நின்றது. கீழே நூல் போல ஒழுகியது. துருவுக்குத் தப்பிய மெல்லிய குழாய்களையெல்லாம் சீயக்காய்த் தூள் அடைத்துவிட்டது. இனி கழற்றித் தலைகீழாகப் பிடித்து, வேகமாகத் தண்ணீர் விட வேண்டும். லாரி நிறுத்தும் கொட்டகையில் இருந்ததோ ஒரு கிணறும் இரண்டு வாளியும்.

“அருவிக்குக் கொண்டு போவோம்” என்றார் அண்ணாச்சி, ஒன்றுமே நடக்காதது போல. அதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. அதனால் எரிச்சல் இரட்டிப்பானது.

ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி மாட்டு வண்டியில் ஐந்தருவிக்குக் கொண்டு போனோம். பெரிய பிரிவில் காட்டினால் தகடுகள் நசுங்கிவிடும் என்று, ஓரத்தில் ஒல்லியாக விழுந்த தண்ணீரில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். சட்டையெல்லாம் ஈரம். பின்னால் எண்ணெய்த் தலைகளோடு வரிசை.

“ஏ அண்ணாச்சி, பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துதியளோ?”

“மண்டச்சூடு வே. நாளைக்கு மலையேறணும்லா!”

“அப்ப எண்ணெ தேச்சியளா?”

“சீயக்கா வரைக்கும் ஆச்சு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முதலில் நுரை வந்தது. பிறகு பழுப்புத் தூள். அதற்கும் பிறகு, நான் எதிர்பார்க்காத அளவுக்கு, கட்டி கட்டியாகத் துரு. கடைசியில் விழுந்த தண்ணீர் விழுந்தபடியே வெளியே வந்தது. இருட்டுவதற்குள் திரும்பி வந்து மாட்டினோம்.

புதன்கிழமை ஏற்றத்தில் நான் மலையைப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரியங்காவு வந்தது. ஆவி வரவில்லை. நிற்காமல் கொல்லம் போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை வியாபாரியைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாலேயே அண்ணாச்சி போய் வந்திருக்கிறார்.

“லோடு இனி உமக்குத்தான்” என்றார் வியாபாரி. “சோடா கீடான்னு நீரு என்னமோ பண்ணினீராம். வேலை பாத்தது சீயக்கால்லா? மாசா மாசம் போட்டு முழுக்காட்டிரும். அதுக்குச் சம்மதிச்சாத்தான் லோடு.”

சோடாவைப் பற்றியும் அருவியின் வேகத்தைப் பற்றியும் விளக்க வாயைத் திறந்தேன். கடைவாசலில் எலுமிச்சைக் கூடைகள் அடுத்த லோடுக்குக் கட்டித் தயாராக இருந்தன.

“சரி, போட்டிருவோம்” என்றேன்.

அன்றைக்கு நோட்டில் ‘ஆரியங்காவு ஏற்றம். கொதிக்கவில்லை. சோடா’ என்று எழுதி, கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டேன்.