பொட்டு வைக்க ஓர் இடம்

சைதூன் என் பக்கத்து நாற்காலியில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர்களின் போனை எடுத்தவள். மறைமலை நகரில் எங்கள் கம்பெனி, ரிமோட்டில் ஓடும் மோட்டார் பெட்டி செய்கிறது. பாம்புக்குப் பயந்தவர்கள் மோட்டார் கொட்டகைக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்றபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நல்ல சாமான்தான். அதோடு கொடுத்த கையேடு இருக்கிறதே, அதை எழுதியவனைத்தான் கிணற்றில் இறக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

அதைத் தானே எழுதுவதாக மேனேஜர் பக்தவத்சலத்திடம் சைதூன் போய்க் கேட்டாள். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டுப் போன் எடுக்கிற பெண்ணுக்கு டெக்னிக்கல் ரைட்டர் வேலையா என்று எங்களில் பாதிப் பேர் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன். அவர் மூன்று மாதம் கொடுத்தார். ஓடவில்லை என்று திரும்பி வரும் பெட்டிகள் அதற்குள் குறைய வேண்டும். குறையாவிட்டால் புது வேலையும் இல்லை, பழைய நாற்காலியும் இல்லை. அதில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

இரண்டு மாதம் அழகழகாக எழுதினாள். சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். பெட்டிகள் வந்துகொண்டேதான் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், வந்த பெட்டி எதிலும் பழுது இல்லை. இன்ஜினியர் ஜெயக்குமார் துணியால் துடைத்து, மேஜையில் வைத்து ரிமோட்டை அழுத்துவார், உடனே ஓடும். வாங்கினவருக்கு அழுத்தத் தெரியவில்லை என்று எழுதி வைத்துவிடுவார்.

ஒரு நாள் சைதூன், அவர் துடைப்பதற்கு முன்னால் போய் நின்றாள். பெட்டியின் முகப்பில் மேலே நட்ட நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. ரிமோட்டின் சைகையை வாங்குவது அதுதான். முகமாக இருந்தால் அது நெற்றி. அன்று வந்த பதினொரு பெட்டிகளில் ஒன்பதில், அந்தக் கண்ணின் மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது, அதன் மேல் குங்குமம். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் பொத்தானைத் தொடுவார்கள்? ஜெயக்குமாரே புது பைக்கை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் எடுத்தார். தினமும் துடைத்தவர் கண்ணுக்கு அது அழுக்காகத்தான் தெரிந்திருக்கிறது.

பொட்டு வைக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடு என்றார் அவர்.

"போட்டா கேக்கமாட்டாங்க சார். அவங்களுக்கு அதான் மொத வேலை. எங்க வைக்கணும்னு நாமளே காட்டிடலாம்" என்றாள் சைதூன்.

அப்படியே முதல் பக்கத்தில் முதல் படியாக எழுதினாள்: 'பெட்டிக்குப் பொட்டு வையுங்கள்.' கண்ணுக்குக் கீழே, வெற்றிடத்தில் ஒரு வட்டம் போட்ட படம். கம்பெனி கையேட்டில் பூஜையா என்று ஜெயக்குமார் குதித்தார். பக்தவத்சலம் பஞ்சாயத்து செய்தார். புதிதாக வாங்கிய ஒருவர் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியை ஓட்ட வேண்டும், நாம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஓடினால் வேலை சைதூனுக்கு, ஓடாவிட்டால் அன்றோடு அவள் வீட்டுக்குப் போகலாம்.

செய்யூர் பக்கம், புதிதாகப் பெட்டி வாங்கியிருந்த தனகோடி அக்காவின் வேர்க்கடலைக் கொல்லைக்கு பக்தவத்சலம், சைதூன், நான் மூவரும் போனோம். எலக்ட்ரீஷியன் ஒயர் இணைப்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யார் எழுதியது என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. கையேட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சந்தனம் குழைத்துவிட்டார். விரல் நேராகக் கண்ணாடிக் கண்ணுக்குப் போனது. சைதூன் துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கண்ணாடியில் வைக்கலாமா என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் தொடப் போன விரல் நின்றது. அக்கா இடது கையால் கையேட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். விரலை இறக்கி வட்டம் காட்டிய இடத்தில் பொட்டை வைத்தார்.

"பொட்டு எங்க வைக்கணும்னு கூட போட்டுகீறாங்க. நம்ம ஆளுங்கதான் எழுதிகீறாங்க போல" என்றார்.

பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வாசலில் நின்று ரிமோட்டை அழுத்தினார். மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து கால்வாயில் ஓடியது. திங்கட்கிழமை வந்து வேலை ஆர்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு பக்தவத்சலம் சைதூனுக்குக் கை கொடுத்தார். அவள் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

"இன்னா பாப்பா, தண்ணி வந்ததுக்கா அழுவுற?" என்று கேட்டார் அக்கா.

"அந்த புக்கை எழுதினது நான்தாங்கக்கா" என்றாள் சைதூன்.